பார்வையற்றவருக்கு ஒரு கடிகாரம்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து, கோயில் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்த வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் மறைக்கல்வி மண்டபத்தின் திண்ணையில் தனியே உட்கார்ந்திருக்கக் கண்டேன். பொறியியல் பட்டம் பெற்றவன், பாடற்குழுவில் பாடுபவன். அன்று அதிகாலைதான் பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கியிருந்தான். "தோத்திரம் சாமி" என்று எழுந்து நின்றான். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அது அவனுக்கு மூன்றாவது நேர்காணல். மூன்றிலும் தோல்வி.

"என்ன தம்பி கேட்டார்கள்?" என்றேன். "பார்வையற்றவர்களுக்கு ஓர் அலாரம் கடிகாரம் வடிவமைத்துக் காட்டு என்றார்கள், சாமி" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவன் விவரமாகச் சொல்லச் சொல்ல, அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டேன். வினா வந்த மாத்திரத்தில் அவன் பலகையருகே சென்று படம் வரையத் தொடங்கியிருக்கிறான். பெரிய பொத்தான்கள், மணியைச் சொல்லும் குரல், தலையணைக்கடியில் அதிரும் வில்லை, கைப்பேசியோடு இணைப்பு என்று பத்து நிமிடத்தில் பலகை நிரம்பிவிட்டது. கேள்வி கேட்டவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதை யாருக்காகச் செய்தீர்?" என்று கேட்டாராம். "பார்வையற்றவர்களுக்காக" என்றிருக்கிறான் இவன். "எந்தப் பார்வையற்றவருக்காக?" என்று அவர் திரும்பக் கேட்டதும் இவனுக்கு நா எழவில்லை.

நம் பங்குகளில் இன்று பல குடும்பங்களின் பிள்ளைகள் இத்தகைய நேர்காணல்களுக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வருகிறார்கள். ஒரு காலத்தில் புதுச்சேரிப் பிள்ளைக்கு மில் சங்கு ஊதினால் வேலை. அல்லது கடல் கடந்து பிரான்சு. 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு மில் 2020இல் மூடப்பட்டுவிட்டது. இந்த இளைஞனின் தந்தை மில் தொழிலாளியாக இருந்தவர். மகனின் ஒரு வேலையை நம்பி இரு தங்கைகளின் படிப்பும் வீட்டு வாடகையும் காத்து நிற்கின்றன. ஆகவே, கடிகாரத்தைப் பற்றிய அந்தக் கேள்வி விளையாட்டான கேள்வியன்று. பெற்றோர்களும் இதைச் சற்றே விளங்கிக்கொள்ளல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன். கணினித் துறையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கேள்விக்கு விடை கூறுவதைப் பற்றிக் குருமடத்தில் சிறிது கற்றிருக்கிறேன்.

முதலில் இந்த வினாவின் இயல்பைக் காண்போம். முதியோருக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி வடிவமை, பேருந்து நிலையத்துக்கு ஒரு பயணச்சீட்டு இயந்திரம் வடிவமை, உனக்குப் பிடித்தமான ஒரு பொருளைச் சொல், அதை எப்படித் திருத்துவாய் எனக் கூறு, இவ்வாறு வரும். முப்பது அல்லது நாற்பது நிமிடம் தருவார்கள். கேட்பவர்களுக்கு அந்தப் பெட்டியோ இயந்திரமோ தேவையில்லை. விடை தெரியாத ஒன்றின் முன்னால் இவன் எவ்வாறு சிந்திக்கிறான், பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கிறானா, பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் துணிவு உண்டா, தன் யோசனையின் குறையைத் தானே காண்கிறானா என்பவற்றையே அறிய விரும்புகிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு மெய்யியல் வகுப்புகள் நினைவுக்கு வந்தன. அங்கே எங்கள் பேராசிரியக் குருவானவர் ஒரு வழக்கத்தை வற்புறுத்துவார். ஒருவர் வினாத் தொடுத்தால் உடனே விடை கூறலாகாது. அந்த வினாவை உன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல். இதுதானே நீங்கள் கேட்பது என்று உறுதிசெய்துகொள். அடுத்து, வினாவிலுள்ள சொற்களைப் பிரித்துப் பார். எந்தப் பொருளில் ஆம், எந்தப் பொருளில் அன்று என வேறுபடுத்து. புனித தோமா அக்குவினாசின் மாபெரும் இறையியல் நூலைப் புரட்டியவர்களுக்கு இது விளங்கும். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் வினா. பிறகு, தம் கருத்துக்கு மாறான தடைகளை அவரே வரிசையாக முன்வைக்கிறார். அதன் பிறகே தம் விடையைத் தருகிறார். இறுதியாகத் தடைகள் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி கூறுகிறார். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய இம்முறையைக் கற்ற ஒருவன், "எந்தப் பார்வையற்றவர்?" என்னும் கேள்வியை அடுத்தவர் கேட்கும்வரை காத்திருக்கமாட்டான்.

இதையெல்லாம் அந்த இளைஞனிடம் விரிவாகச் சொல்லிக்கொண்டே போனேன். குருக்களுக்கு உரிய குறைதான் இது. அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவன் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. அப்போது எனக்கே ஒன்று தோன்றியது. அவனும் சரி, நானும் சரி, பார்வையற்ற ஒருவரிடம் அந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பேசினோமா? எங்கள் பங்கில் அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். நடுவயதில் சர்க்கரை நோயால் பார்வை இழந்தவர். ஞாயிறு தவறாமல் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு வருபவர். மாதாமாதம் அவருக்கு நற்கருணை வழங்க வீட்டுக்கும் செல்கிறேன். பல ஆண்டுகளாகச் சென்றும், "உங்களுக்கு எது சிரமம்?" என்று அவரிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை. அவருக்குக் கண் தெரியாமையே சிரமம் என்று நானாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இருவரும் சென்றோம்.

"ஐயா, காலையில் எழுவதற்கு உங்களுக்கு எப்படிப்பட்ட கடிகாரம் இருந்தால் வசதி?" என்று இளைஞன் கேட்டான். பெரியவர் சிரித்தார். "எழுவதில் எனக்கு என்ன தம்பி கஷ்டம்? நான்கரை மணிக்குப் பால்காரன் வண்டிச் சத்தம். ஐந்தரைக்குக் கோயில் மணி. என் கஷ்டம் வேறே. நடுராத்திரியில் விழிப்பு வந்தால் மணி ஒன்றா நாலா என்று தெரியாது. பிரான்சிலிருந்து என் மைத்துனன் ஒரு பேசும் கடிகாரம் கொண்டுவந்து கொடுத்தான். பொத்தானை அழுத்தினால் ஒரு பிரெஞ்சுக்காரி உரக்க மணி சொல்லுவாள். மருமகள் எழுந்துவிடுகிறாள், குழந்தை அழுகிறது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்."

இளைஞன் என்னைப் பார்த்தான். அவன் பலகையில் வரைந்த கடிகாரத்துக்கும் குரல் இருந்தது.

பெரியவர் மேலும் சொன்னார்: "கடிகாரம் கிடக்கட்டும். இந்த மாத்திரை அட்டைகளுக்கு ஒரு வழி சொல்லு. சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன." ஐரோப்பிய நாடுகளில் மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயரைப் புள்ளி எழுத்தில் பதிக்கவேண்டும் என்பது சட்டம். பிரான்சிலிருந்து உறவினர் அனுப்பும் மருந்துப் பெட்டிகளில் அந்த மேடான புள்ளிகளை வாசகர்கள் பலர் தடவிப் பார்த்திருக்கலாம். பெரியவரும் பார்த்திருக்கிறார். ஆனால் முதிய வயதில் பார்வை இழந்த அவருக்குப் பிரெயில் தெரியாது. பிறவியிலேயே பார்வையற்ற குழந்தை வேறு. பள்ளியில் பிரெயில் கற்ற வாலிபர் வேறு. அறுபதில் பார்வை இழந்து, சர்க்கரை நோயால் விரல் நுனியில் உணர்ச்சியும் குன்றியவர் வேறு. "எந்தப் பார்வையற்றவர்?" என்ற கேள்வியின் முழுப் பொருளும் எங்களுக்கு அந்தத் திண்ணையில்தான் விளங்கிற்று.

பிரெயில் என்று சொன்னதும் லூயி பிரெயிலின் வரலாற்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1809இல் பாரிசுக்கு அருகே கூவ்ரே என்னும் சிற்றூரில் தோல்வேலை செய்யும் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண் பழுதாகி, பின்னர் இரு கண்களும் போயின. பாரிசு நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அப்போது இருந்த நூல்கள், கண்ணுள்ளோர் படிக்கும் அதே எழுத்துகளைப் பெரிதாகவும் மேடாகவும் அழுத்தி அச்சிட்டவை. ஒரு நூலைத் தூக்கவே இருவர் வேண்டும் போன்ற பளு. தடவித் தடவி ஓர் எழுத்தை அறிவதற்குள் முந்தைய எழுத்து மறந்துபோகும். செய்தவர்கள் அன்புள்ளம் படைத்தவர்களே. ஆனால் கண்ணால் படிப்பவர்கள்.

பிறகு, படைத்துறையில் பணியாற்றிய ஷார்ல் பார்பியே என்பவர் புள்ளிகளால் எழுதும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கோட்டைவிடப் புள்ளியே விரலுக்கு எளிது என்பதை அவர் கண்டுகொண்டார். அது பெரிய உண்மை. ஆயினும் அவருடைய கட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு வரிசை, மொத்தம் பன்னிரண்டு புள்ளிகள். விரல் நுனி ஒரே தொடுதலில் அத்தனையையும் பற்றிக்கொள்ள இயலாது. மேலும் கீழும் நகர்த்தித் தேடவேண்டும். அன்றியும் அது ஒலியை மட்டும் குறித்தது. எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் இடமில்லை. பார்வையற்றவர்களுக்கு எழுத்துப்பிழையின்றி எழுதும் ஆவல் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். சிறுவன் லூயி அந்தப் பன்னிரண்டை ஆறாகக் குறைத்தான். ஆறு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கின. 1824இல், தன் பதினைந்தாம் வயதில் இதை அவன் வகுத்தான். 1829இல் நூலாக வெளிவந்தது. அவர் பாரிசில் தேவாலய ஆர்கன் வாசிப்பவராகவும் இருந்தார் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இசைக்கும் அதே ஆறு புள்ளிகளில் குறியீடு அமைத்துக் கொடுத்தார். 1951 முதல் நம் தமிழும் ஏனைய இந்திய மொழிகளும் அதே ஆறு புள்ளிகளில் பாரதி பிரெயில் என்னும் பெயரில் எழுதப்படுகின்றன.

இன்னொரு பாடம் நம் ஊர்த் தெருக்களிலேயே நிற்கிறது, அடிபம்பைச் சொல்கிறேன். ஆழ்குழாய்க் கிணறுகள் பரவிய 1960களின் இறுதியில், அவற்றின்மேல் வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள் மேல்நாட்டுப் பண்ணை வீடுகளில் இருந்தவற்றின் சாயலில் செய்யப்பட்டவை. ஒரு குடும்பம் காலையும் மாலையும் சில வாளி நீர் எடுப்பதற்கு அவை போதும். நம் கிராமத்திலோ விடியற்காலை முதல் இருட்டும்வரை நூற்றுக்கணக்கானோர் ஒரே கைப்பிடியை அடித்தார்கள். 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய நான்கில் மூன்று பம்புகள் வேலை செய்யாமல் கிடந்தன. கைப்பிடி முறித்த கிராமத்தார்மீது பழி சுமத்தியவர்களும் இருந்தார்கள். பழுது கிராமத்தாரிடம் இல்லை, "யார், எத்தனை பேர்?" என்று கேளாத வடிவமைப்பில் இருந்தது.

மராட்டியப் பகுதியில் கிறிஸ்தவ மிஷன்களைச் சார்ந்த தொழிலறிஞர்கள் சிலர் உள்ளூரிலேயே உறுதியான பம்புகளைச் செய்து பார்த்தார்கள். அவற்றுள் சோலாப்பூர்ப் பம்பில் கைப்பிடி ஒரே அச்சில் அசைந்தது. ஒரு சங்கிலி உள்ளே இருக்கும் தண்டைக் கோணாமல் நேராக மேலே இழுத்தது. அதை அடியாகக் கொண்டு, யுனிசெப் நிறுவனமும், சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு கிரடாஸ் என்னும் அரசுத் தொழிற்சாலையும், சென்னை ஆராய்ச்சியாளரும் கூடி எஃகினால் இந்தியா மார்க் இரண்டு என்னும் பம்பை உருவாக்கினார்கள். கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழமான கிணறுகளில் வைத்து, மக்களை அடிக்கவிட்டுச் சோதித்தார்கள். எவரும் செய்துகொள்ளலாம் என்று பொதுவுடைமையாக விட்டதால் உலகெங்கும் பரவிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. மார்க் இரண்டு எளிதில் பழுதாகாது; பழுதானால், மொத்தக் குழாயையும் வெளியே தூக்க வண்டியும் கருவிகளும் நான்கைந்து ஆட்களும் வரவேண்டும். அவர்கள் வரும்வரை பெண்கள் குடத்தோடு நடக்கவேண்டும். நீர் எடுப்பவரை நினைத்தவர்கள் பழுது பார்ப்பவரை நினைக்கவில்லை! 1983 முதல் மீண்டும் கோவைப் பகுதியிலேயே சோதனைகள் நடந்தன. குழாயின் அகலத்தைக் கூட்டி, அதைத் தூக்காமலே உள்ளிருக்கும் பகுதியை மட்டும் மேலே உருவி எடுக்கும் வண்ணம் மார்க் மூன்று பிறந்தது. ஒரு பொருளுக்கு உபயோகிப்பவர் ஒருவரல்லர். வாங்குபவர், கையாளுபவர், துடைப்பவர், பழுது பார்ப்பவர் எனப் பலர். நேர்காணலுக்குச் செல்லும் பிள்ளைகள் இந்தப் பம்பை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுச் செல்லலாம்.

செம்பையும் சொல்லவேண்டும். 1958இல் நம் அரசின் அழைப்பின்பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இந்தியா வந்து, வடிவமைப்புக் கல்வி குறித்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் விளைவாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் தோன்றியது. இந்த நாட்டில் தாங்கள் கண்ட பொருள்களுள் மிக அழகியது என அவர்கள் வியந்தது மாளிகையையோ சிலையையோ அன்று, சாதாரணச் செம்பை. அதை ஒருவர் இன்று புதிதாக வடிவமைக்க நேர்ந்தால் என்னென்ன கேட்கவேண்டியிருக்கும் என்று நீண்ட பட்டியல் போட்டார்கள். எவ்வளவு நீர், தூக்குபவரின் கை எத்தகையது, தலையிலா, இடுப்பிலா, நிறைந்தபோதும் வெறுமையானபோதும் எடை எங்கே நிற்கும், கழுவக் கை உள்ளே நுழையுமா, உள்ளே இருப்பது சூடாக இருந்தால் கையால் பிடிக்க முடியுமா, தரையில் வைத்தால் என்ன ஓசை எழும், விலை என்ன? எந்தத் தனி மனிதரும் அதைச் செய்யவில்லை, தலைமுறைகள் கூடிச் செய்தன என்பது அவர்கள் முடிவு. நம் தாய்மார் அன்றாடம் துலக்கி வைக்கும் பாத்திரம் அது!

இவ்வளவையும் அந்த இளைஞனோடு சேர்ந்து நானும் கற்றேன் என்றே சொல்லவேண்டும். பின்னர் வாரம் இருமுறை, மாலைச் செபமாலைக்குப் பின், மறைக்கல்வி மண்டபத்தில் பழகினோம். அவனோடு மேலும் நால்வர் சேர்ந்தனர். ஒருவர் வினாத் தொடுப்பார். மற்றவர் விடை கூறுவார். நான் தடை எழுப்புவேன். முதல் ஐந்து நிமிடம் படம் வரையக்கூடாது, கேள்வி மட்டுமே கேட்கலாம் என்று விதி செய்தேன். பிறகு ஒரே ஒரு மனிதரைத் தெரிந்தெடுத்து, அவருடைய ஒரு நாளை விடியல் முதல் இரவுவரை சொல்லவேண்டும். அதிலுள்ள சிரமங்களுள் ஒன்றைப் பிடித்து, ஏன் மற்றவற்றை விட்டாய் என்று காரணம் காட்டவேண்டும். அதன் பின்பே யோசனை. அதுவும் ஒன்றல்ல, இரண்டு மூன்று கூறி ஒன்றைத் தேர்ந்து, அதன் குறையையும் வாய் திறந்து சொல்லவேண்டும். கடைசியாக, ஆறு மாதம் கழித்து இது பயன்பட்டதா என்று எதைக் கொண்டு அறிவாய்? விற்ற எண்ணிக்கை என்று எல்லாரும் சொல்வார்கள். அலமாரியில் பூட்டிக் கிடக்கும் பிரெஞ்சுக்காரியும் விற்ற கணக்கில் சேர்ந்தவள்தானே!

இம்முறையையே மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் அபாயமும் உண்டு. "முதலில் உபயோகிப்போர் யார் எனக் காண்போம்" என்று கிளிப்பிள்ளைபோல் தொடங்கி, விடையைக் காதில் வாங்காமலே அடுத்த படிக்குத் தாவுகிறார்கள். பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைத்தபோது அவருக்கு வேண்டுவது இன்னதெனக் கூட்டத்தில் எவருக்கும் தெரிந்திருக்கும், ஆண்டவருக்குத் தெரியாததா? ஆயினும் அவரை அருகே வரவழைத்து, தாம் என்ன செய்யவேண்டுமென அவர் வாயாலேயே சொல்லும்படி கேட்டார். பதில் வரும்வரை நின்றார். இந்நிகழ்ச்சியைப் பற்றி இருபது பிரசங்கமாவது செய்திருப்பேன். அந்தக் கேள்வியைப் பற்றி ஒன்றுகூடச் செய்ததில்லை.

வேறொரு சங்கடமும் எழுந்தது. எங்களோடு பழகிய பெண் ஒருத்திக்கு ஒரு நிறுவனத்தில் கேட்டது இது: கைப்பேசி விளையாட்டொன்றைச் சிறுவர்கள் இரவில் மேலும் ஒரு மணி நேரம் ஆடும்படி எவ்வாறு மாற்றியமைப்பாய்? அவள், "அவர்கள் எப்போது உறங்குவார்கள்?" என்று கேட்டிருக்கிறாள். நேர்காணல் விரைவில் முடிந்துவிட்டது. "நான் செய்தது தவறா சாமி?" என்று கேட்டு அழுதாள். தீமைக்கு ஒத்துழைத்தல் பற்றி அறநெறி இறையியலில் நுணுக்கமான பிரிவுகள் உண்டு. புனித அல்போன்சு லிகோரி வகுத்தவை. தீய நோக்கத்தில் உடன்படுவது ஒன்று. நோக்கத்தில் உடன்படாமல், விலகி நின்று ஏதோ ஒரு வேலையைச் செய்வது வேறொன்று. அத்தகைய நிறுவனத்தில் கணக்கெழுதுபவனைப் பற்றித் தயங்கித் தீர்ப்புக் கூறலாம். ஆனால் குழந்தையின் உறக்கத்தை எப்படித் திருடலாம் என்று சிந்தித்துச் சொல்வதே வேலை என்றால், அதில் தயங்க எனக்கு ஒன்றுமில்லை. தவறில்லை என்றேன். வீட்டில் அவள் அம்மா என்ன சொன்னார் என்பதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த மாதக் கடை பாக்கி அந்த அம்மாவின் தலையில்தான் விடிந்தது.

நம் இளைஞனுக்கு ஆகஸ்டு மாதம், மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு அடுத்த வாரம், சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கேட்டது மருத்துவமனையில் வரிசை எண் வழங்கும் இயந்திரம் பற்றி. எந்த மருத்துவமனை, அரசினுடையதா, தனியாருடையதா, நோயாளி தனியே வருவாரா, துணையோடு வருவாரா, தமிழ் வாசிப்பாரா என்று இவன் கேட்டுக்கொண்டே போக, கேள்வி கேட்டவர்தாம் பலகையருகே எழுந்து போய் எழுதினாராம். வேலை கிடைத்துவிட்டது. பெங்களூரில் கிடைத்திருக்கக்கூடிய சம்பளம் இல்லை. ஆயினும் தங்கைகளுள் மூத்தவளின் கல்லூரிக் கட்டணம் கட்டியாயிற்று.

முதற்சம்பளத்தில் அந்தப் பெரியவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தான். கண்ணாடி மூடியைத் திறந்து முட்களை விரலால் தடவி மணி அறிகிற வகை; சத்தமே கிடையாது. சென்ற மாதம் நற்கருணையோடு போனபோது, பெரியவர் கையை நீட்டிக் காட்டினார்.

"ராத்திரி மணி பார்க்கிறேன் சாமி. குழந்தை அழவில்லை. ஆனால் இந்த மூடியைத் திறக்கும் குமிழ் ரொம்பச் சின்னது. என் விரலுக்குத் தட்டுப்படவே நேரம் ஆகிறது. அந்தப் பையனிடம் சொல்லுங்கள்."